மைனஸ் ஒன்று

புளியரை எஸ் வளைவில் வைக்கோல் லாரி ஒன்று
கியர் மாற்றித் திணறுவது
இந்தத் தகர அறைக்குள்ளும் கேட்கிறது.
ஆனி பிறந்து நாலு நாள்.
கணவாய் வாய் திறந்துவிட்டது.

பதினான்கு காற்றாலைகள்.
மேட்டில் ஐந்து, வயலில் ஒன்பது.
ஒவ்வொன்றின் தலைக்குள்ளும் சென்சார்கள்:
அதிர்வு, சூடு, சுழலும் வேகம்.
மணிக்கு ஒருமுறை சராசரி எடுத்து
ஆளுக்கொரு புள்ளியாகத் திரையில் வைக்கிறேன்.
நெருங்கி நிற்பவை ஒரு கூட்டம்.
வயல்காரர்களுக்குப் பெயர் பூஜ்யம்,
மேட்டுக்காரர்களுக்கு ஒன்று,
எதிலும் சேராததற்கு
மைனஸ் ஒன்று.

எவ்வளவு பக்கம் இருந்தால் பக்கம் என்று
நிரலுக்குத் தெரியாது.
நான்தான் சொல்ல வேண்டும்.
அரை என்றேன், எல்லோரும் அந்நியர் ஆனார்கள்.
இரண்டு என்றேன், எல்லோரும் சொந்தம்.
கடைசியில் பாயின்ட் எட்டில் நிறுத்தினேன்.
காரணம் கேட்டால்
படம் பார்க்க ஒழுங்காக இருந்தது,
அவ்வளவுதான்.

செவ்வாய் இரவு பதினொன்றுக்கு
ஒன்பதாம் எண் தனியே போய் நின்றது.
பன்னிரண்டுக்கும் அங்கேயே.
ஒன்றுக்கும்.
கோவைக்கு மெயில் போட்டேன்.
தூங்காத யாரோ ஒருவர் ஒரே சொல்லில் எழுதினார்:
நிறுத்து.
வருஷத்துக்கு அறுபது நாள் வருகிற காற்று
நின்ற இறக்கைகளைத் தடவிக்கொண்டு
கிழக்கே போனது.

விடிந்ததும் வடகரை மைதீன் பிச்சை
ஈர ஏணியில் எண்பது மீட்டர் ஏறினார்.
வாக்கிடாக்கியில் முதலில் மூச்சு வந்தது,
பிறகு குரல்.
"பேரிங்கு பூ மாதிரி சுத்துது மேடம்.
ஒரு கோளாறும் இல்ல.
போன வாரந்தான நானும் பினோயும்
பழைய கிரீஸை வழிச்சுப் போட்டுட்டு
புதுசு வச்சோம்."

எந்தப் புதுசு?

"கம்பெனி டிரம்மு செக்போஸ்ட்ல மாட்டிக்கிச்சுல்ல.
பில்லுல ஏதோ நம்பர் தப்புன்னாங்க.
பினோய் புனலூர்லருந்து ஒரு டப்பா
பஸ்ல வாங்கிட்டு வந்தான்.
இதுக்கு மட்டுந்தான் பத்துச்சு."

டீ ஆறிக்கொண்டிருந்தது.
அப்போது மற்ற பதிமூன்று?

வயலில் ஒன்றைத் திறந்தார்கள்.
மேட்டில் ஒன்றை.
கிரீஸ் சோப்பாய் இறுகியிருந்தது.
பினோய் விரலில் எடுத்துத் தேய்த்து
வெயிலில் காட்டினான்.
மினுங்கியது.
இரும்புத் தூள்.
"இது கண்டோ" என்றான், அதற்கு மேல் பேசவில்லை.

திரையை மறுபடி பார்த்தேன்.
ஒன்பது நின்றது இடப்பக்கம், கீழே.
அதிர்வு குறைவு. சூடு குறைவு.
இரவு முழுக்க அங்கேதான் நின்றிருக்கிறது.
நான் தூரத்தை அளந்தேன்,
திசையைப் பார்க்கவில்லை.
நிரல் வேறு என்றது.
கெட்டது என்று வாசித்தவள் நான்.

ஒரே டிரம், ஒரே மாதம், ஒரே நோவு.
சேர்ந்தே சூடேறினால்
பக்கத்துப் புள்ளியும் கூடவே நகரும்,
கூட்டம் கலையாது.
பதிமூன்று பேருக்கும் ஜுரம் என்றால்
ஜுரத்துக்குப் பெயர் சராசரி.

அறிக்கைப் படிவத்தில்
பழுதான இயந்திரத்தின் எண் எழுத
இரண்டு கட்டம் இருந்தது.
ஓரத்தில், குறுக்கே, பின்பக்கம் என்று
எழுதித் தீர்த்தேன்.
கோவை கேட்டது:
சென்சாரைச் சரிபார்த்தீர்களா?
பார்த்தோம்.
திரும்பவும் கேட்டது.
திரும்பவும் பார்த்தோம்.
மூன்றாம் முறை கேட்கவில்லை.

மாலை சாரல் இறங்கும்போது
பதிமூன்றையும் நிறுத்தினோம்.
ஒன்பதை ஓட விட்டோம்.
ஆறு மணிப் படம் வந்தது.
அதிர்வு பூஜ்யம், வேகம் பூஜ்யம்,
மழையில் ஆறிய ஒரே சூடு.
மேடும் இல்லை வயலும் இல்லை,
பதிமூன்று புள்ளியும் ஒன்றன்மேல் ஒன்று.
இதைவிட நெருக்கமான கூட்டத்தை
நான் இதுவரை பார்த்ததில்லை.

ஜன்னலுக்கு வெளியே
மேகத்துக்குள் பாதி தெரிய
ஒன்பது சுற்றிக்கொண்டிருந்தது.
திரையில் அதற்கு
இப்போதும்
மைனஸ் ஒன்று.